கடனா, சந்தையா? பெருந்தொற்றுக் காலத்தில் ஆப்பிரிக்கச் சிறு உணவு வியாபாரிகளைத் தாங்கியது எது

கொரோனா காலத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் உணவுத் தொழில் செய்யும் சிறு முனைவோருக்கு எத்தனையோ உதவித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன; அவற்றில் எது உண்மையில் பலித்தது, கடனா, மானியமா, இணைய விற்பனையா, மறுபடி ஒரு தொற்று வந்தால் எதில் பணம் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில் உங்கள் பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. சந்தையைத் திறந்து வைத்த இடங்களிலும், வாங்குபவர் கையில் காசு போட்ட இடங்களிலும் சிறு வியாபாரி பிழைத்தார். மலிவு வட்டிக் கடன் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. இணைய விற்பனை செய்தித்தாளில் இடம் பிடித்த அளவுக்குச் சந்தையில் பிடிக்கவில்லை. ஐம்பத்து நான்கு நாடுகளை ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதால், ஓரளவு விவரம் தெரிந்த ஆறேழு நாடுகளை வைத்தே பேசுகிறேன்.

நைரோபியில் தொடங்கலாம். அங்கே தெருமுனையில் காய்கறி விற்கும் பெண்ணை ‘மாமா ம்போகா’ என்பார்கள், காய்கறிக்காரம்மா என்று நாம் சொல்வதுபோல. பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய சிறு கடை. தக்காளி கூறு கட்டி வைத்திருக்கும். பக்கத்தில் வெங்காயம், கொத்தமல்லி, சுகுமா விக்கிக் கீரை. அந்தக் கீரையைக் கட்டோடு விற்பதைவிட, வாங்குபவர் கண் முன்னே கத்தியால் நூல் நூலாக அரிந்து பையில் போட்டுத் தருவதில்தான் அவருக்கு வாடிக்கை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் அன்றைய இரவுச் சமையலுக்கு வாங்கிப் போகும் மாலை நேரம்தான் வியாபார நேரம். சரக்கெடுக்க வாக்குலிமா மொத்தச் சந்தைக்கு விடியுமுன்னே போய்விட வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

2020 மார்ச் 27 முதல் கென்யாவில் இரவு 7 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஊரடங்கு. ஒரே உத்தரவில் இரண்டு முனையும் அறுந்தன. விடியற்காலைக் கொள்முதல் போயிற்று. ஏழு மணிக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அரக்கப் பரக்க ஓடுகிறவர் கீரைக் கடையில் நிற்கவும் மாட்டார். உணவு வியாபாரம் அத்தியாவசியப் பட்டியலில் இருந்தது உண்மைதான். ஆனால் நடுச்சாலையில் தடியோடு நிற்கும் போலீஸ்காரரிடம், தான் உணவு வியாபாரி என்று நிரூபிக்கத் தெருக்கடைக்காரம்மாவிடம் என்ன காகிதம் இருக்கிறது? ஜூன் மாதம் ஊரடங்கை இரவு 9 முதல் காலை 4 வரை என்று மாற்றினார்கள். மாலையில் இரண்டு மணி நேரம், காலையில் ஒரு மணி நேரம். அரசுக்கு ஒரு ஷில்லிங்கூடச் செலவில்லை. அந்த ஆண்டு நைரோபியின் தெருக்கடைகளுக்குக் கிடைத்த பெரிய உதவிகளில் ஒன்றாக இதைத்தான் நான் வைப்பேன்.

அதே காலத்தில் கென்ய அரசு வரிச்சலுகைகளையும் அறிவித்தது. மதிப்புக் கூட்டு வரி 16 விழுக்காட்டிலிருந்து 14 ஆனது. சிறு தொழில்களின் விற்றுமுதல் வரி 3-லிருந்து 1 ஆனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் ஷில்லிங்குக்குக் கீழே விற்பவர் விற்றுமுதல் வரியே கட்ட வேண்டாம். எனவே அவருக்குக் குறைக்க அங்கே ஒன்றும் இல்லை. அவர் அன்றாடம் கட்டுவது சந்தைக் கட்டணம். அது மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, தலைநகர் நிதியமைச்சரின் கையில் இல்லை. யார் எந்தச் சுமையைச் சுமக்கிறார் என்று பார்க்காமல் அறிவிக்கும் சலுகை இப்படித்தான் தலைக்கு மேலே பறந்து போகும்.

உணவு வியாபாரத்தை மற்ற தொழில்களோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பல திட்டங்களின் அடிப்படைக் கோளாறு. துணிக்கடையை ஒரு மாதம் பூட்டினால் துணி அப்படியே இருக்கும். தக்காளி மூன்றாம் நாள் குப்பை. கீரை மறுநாளே குப்பை. இன்றைய விற்பனைப் பணம்தான் நாளைய கொள்முதல். ஒரு வாரம் கடை நின்றால் வீட்டுச் சாப்பாட்டுக்கு அந்தக் கைமுதலைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். விதைநெல்லைக் குத்தித் தின்ற கதைதான். அதன் பிறகு ஊரடங்கைத் தளர்த்தினாலும் சரக்கெடுக்கக் காசு இருக்காது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆப்பிரிக்காவில் வேலை செய்பவர்களில் 85.8 விழுக்காட்டினர் முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வங்கிக் கடன் கிடையாது. நெருக்கடிக்குக் கைகொடுப்பது சேமிப்புக் குழுதான். கென்யாவில் சாமா, கானாவில் சுசு, தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல், பிரெஞ்சு பேசும் நாடுகளில் தொந்தின் என்று பெயர் மாறும். வேலை நம்மூர்ச் சீட்டின் வேலைதான். கூட்டம் கூடத் தடை வந்ததும் இவற்றில் பல முடங்கின. தொலைபேசிப் பணத்துக்கு மாறிக்கொண்ட குழுக்கள் தப்பித்தன.

சந்தையை மூடினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைவிட நல்ல பாடம் இல்லை. 2020 மார்ச் 26 நள்ளிரவில் உலகின் கடுமையான பொது முடக்கங்களில் ஒன்று அங்கே தொடங்கியது. சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்திருந்தன. தெருவில் காய்கறி, பழம் விற்பவர்கள் விற்கக் கூடாது. கறுப்பின மக்கள் வாழும் டவுன்ஷிப் பகுதிகளில் பலருக்குச் சூப்பர் மார்க்கெட் என்பது வாடகை வேனில் நெருக்கியடித்துப் போய் நீண்ட வரிசையில் நிற்க வேண்டிய இடம். வீட்டு வாசலில், திறந்த வெளியில், நாலு பேர் மட்டும் நிற்கும் காய்கறிக் கடையை மூடிவிட்டு, நூறு பேரை ஒரு மூடிய கட்டடத்துக்குள் அனுப்பியதில் எந்தத் தொற்றுநோய் அறிவியல் இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் ஏப்ரல் 2-ஆம் தேதி விதியைத் திருத்தினார்கள். ஆனால் நகராட்சியின் எழுத்துமூல அனுமதி வேண்டும் என்று ஒரு கொக்கி. நகராட்சி அலுவலகங்களோ முடக்கத்தில்.

‘ஸ்பாஸா’ எனப்படும் வீட்டோர மளிகைக் கடைகளின் கதை இன்னொரு கோணல். அவற்றில் கணிசமானவற்றைச் சோமாலியர்களும் எத்தியோப்பியர்களும் வங்கதேசத்தவர்களும் நடத்துகிறார்கள். தென்னாப்பிரிக்கர்களின் கடைகள் மட்டுமே திறக்கலாம் என்று சிறுதொழில் அமைச்சர் முதலில் பேசினார். பிறகு அரசு பின்வாங்கியது. அதற்குள் எத்தனை கடைகளைப் போலீசார் மூடியிருப்பார்கள்! ஏப்ரல் 20 அன்று சமைத்த சூடான உணவை விற்பதற்கும் தடை வந்தது. இந்தச் சர்ச்சையில் பத்திரிகைகள் சூப்பர் மார்க்கெட்டின் வறுத்த கோழியைப் பற்றித்தான் அதிகம் எழுதின. காலையில் பஸ் நிறுத்தத்தில் ‘மக்வின்யா’ என்ற எண்ணெயில் பொரித்த மாவுருண்டை விற்றுப் பிழைத்த பெண்களுக்கு அந்தத் தடை வருவதற்கு முன்பே வேலைக்குப் போகும் கூட்டம் போய்விட்டது. தடை மிச்சத்தையும் துடைத்தது. மே 1 முதல் சமைத்த உணவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றார்கள். மோட்டார் சைக்கிளும் செயலியும் உள்ள உணவகத்துக்கு அது வழி.

புர்க்கினா ஃபாசோவில் தலைநகர் உவாகடூகுவின் பெரிய சந்தையான ரூட் வோக்கோவை மார்ச் கடைசியில் மூடினார்கள். வியாபாரிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். ஏப்ரல் 20 அன்று திறக்கப்பட்டது.

உகாண்டா வேறு வழியில் போனது. உணவு விற்பவர்கள் விற்கலாம், ஆனால் வீட்டுக்குப் போகாமல் சந்தையிலேயே தங்க வேண்டும் என்றார் அதிபர் முசவேனி. கம்பாலாவின் நகசெரோ சந்தையில் பெண்கள் காய்கறி மேடைகளுக்கு நடுவே கொசுவலை கட்டிப் படுத்தார்கள். கழிப்பறைக்கு வரிசை, குளிக்க இடமில்லை, பிள்ளைகளை அக்கம்பக்கத்தாரிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். இதைப் பாராட்டி எழுதிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். எனக்குப் பாராட்ட மனம் வரவில்லை. ஆனாலும் கணக்குப் பார்த்தால் நகரத்துக்கு உணவு நிற்கவில்லை, அந்தப் பெண்களின் கைமுதலும் அழியவில்லை. சந்தைக்குள் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் முன்பே சரியாக இருந்திருந்தால் அந்த விலையை அவர்கள் உடம்பால் கட்டியிருக்க வேண்டாம். மானியம் கொடுக்க நினைக்கும் எவருக்கும் இங்கே ஒரு குறிப்பு இருக்கிறது.

இனி கடன். நைஜீரிய மத்திய வங்கி 5,000 கோடி நைரா ஒதுக்கிக் குடும்பங்களுக்கு 30 லட்சம் வரையும், சிறு நிறுவனங்களுக்கு 2.5 கோடி வரையும் கடன் என்றது. முதலில் அறிவித்தபடி வட்டி 2021 பிப்ரவரி வரை 5 விழுக்காடு, அதற்குப் பிறகு 9. கானாவில் 60 கோடி செடி ஒதுக்கீடு. 3 விழுக்காடு வட்டி, முதல் ஆண்டு தவணை இல்லை, இரண்டு ஆண்டில் திருப்பினால் போதும். இரண்டில் கானாவின் திட்டம் மேல் என்பது என் கருத்து. காரணம் வட்டி மட்டும் இல்லை. குறுந்தொழிலுக்கென்று தனிப் பிரிவு வைத்தார்கள். வியாபாரச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அக்ராவின் மக்கோலா போன்ற சந்தைகளில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி உண்டு: தக்காளிக்கு ஒருவர், யாம் கிழங்குக்கு ஒருவர். சரக்கு வரத்தும் விலையும் சண்டையும் சமரசமும் அவர் கண்ணில் படாமல் நடக்காது. யார் பத்து ஆண்டாகக் கடை போடுகிறார், யார் வாங்கிய கடனைத் திருப்புவார் என்று வங்கி மேலாளரைவிட அவருக்குத்தான் தெரியும். அந்த அறிவைப் பயன்படுத்தாமல் வரி எண்ணையும் பதிவுச் சான்றிதழையும் கேட்டு உட்காரும் திட்டம் சந்தை வாசலோடு நின்றுவிடும். அந்தத் தலைவிகள் தமக்கு வேண்டியவர்களை முன்னே தள்ளுவார்கள் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அது நியாயமான பயம்தான். அதற்காக எல்லாரையும் வெளியே நிறுத்துவதைவிட அது சிறிய கேடு.

தென்னாப்பிரிக்காவின் சிறுதொழில் கடன் நிவாரணத்துக்கு முழு உள்நாட்டு உடைமை, நிறுவனப் பதிவு, வரித்துறைப் பதிவு, தொழிலாளர் காப்பீட்டுப் பதிவு, ஊழியர்களில் 70 விழுக்காடு உள்நாட்டவர் என்று நிபந்தனைகள். மக்வின்யா விற்பவர் இதில் எங்கே நுழைவார்? கென்யாவிலோ 2020 முடியும்போது சுமார் 1.6 லட்சம் கோடி ஷில்லிங் கடன்களுக்குத் தவணை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். வங்கிகளின் மொத்தக் கடனில் பாதிக்கும் மேல். வங்கிகள் ஒரு நல்ல காரியம் செய்தன, மறுக்கவில்லை. அதன் பலன் ஏற்கெனவே வங்கிக் கடன் வைத்திருந்தவருக்கு. தவிர, விற்பனையே இல்லாதபோது கடன் வாங்கிச் சரக்கு எடுத்தால் கடனும் மிஞ்சும், அழுகிய சரக்கும் மிஞ்சும். வாங்குவோரின் தேவை திரும்பிய பிறகு வரும் கடன்தான் மருந்து. பல திட்டங்கள் அப்படித் திட்டமிடாமலே, தாமதத்தால் மட்டும், சரியான நேரத்தில் வந்து சேர்ந்தன என்பது ஒரு வேடிக்கை.

வாங்குபவர் கையில் காசு என்பதற்கு என் முதல் உதாரணம் டோகோ. எண்பது லட்சம் பேர் வாழும் சிறிய நாடு. 2020 ஏப்ரல் 8 அன்று ‘நொவிசி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாதாரணக் கைபேசியிலிருந்து ஒரு குறுகிய எண்ணை அழுத்தி, வாக்காளர் அட்டை விவரத்தைக் கொடுத்தால் போதும். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அதிபர் தேர்தல் நடந்திருந்ததால் வாக்காளர் பதிவேடு புதியதாக இருந்தது. அதில் தொழிலும் பதிவாகியிருந்தது. முறைசாராத் தொழில் என்றால் தகுதி. தலைநகர் லோமே பகுதியில் பெண்ணுக்கு மாதம் 12,250 சி.எஃப்.ஏ. பிராங்க், ஆணுக்கு 10,500; மாதத்துக்கு இரண்டு தவணையாகக் கைபேசிக் கணக்கிலேயே வந்து விழுந்தது. விண்ணப்பப் படிவம் இல்லை, வங்கி வாசல் இல்லை, தூய்மையான கணக்குப் புத்தகம் கொண்டுவா என்பாரும் இல்லை. இந்தப் பணம் ஒரு வகையில் வியாபாரியின் வீட்டுச் செலவைத் தாங்கிக் கைமுதலைக் காத்தது. இன்னொரு வகையில் அண்டை வீட்டார் கையிலும் காசு இருந்ததால் கடைக்கு ஆள் வந்தது. பெண்ணுக்கு அதிகம் கொடுத்ததற்கு, அவர்களே முறைசாரா வியாபாரத்தில் அதிகம், குடும்பத்துக்குச் சோறு போடுவதும் அவர்களே என்று காரணம் சொன்னார்கள்.

இதோடு தென்னாப்பிரிக்கா வேலையில்லாதோருக்கு மாதந்தோறும் கொடுத்த 350 ரேண்ட் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். அது நல்ல திட்டம்தான். அந்தப் பணத்தில் கணிசமானது உணவாகவே செலவாயிற்று. ஆனால் குழந்தை உதவித்தொகை வாங்கும் தாய்மார்களுக்கு இந்த 350 கிடையாது என்று வைத்தார்கள். அவர்களுக்குத் தனியாகக் கொடுத்த 500 ரேண்ட் அக்டோபரோடு நின்றது; 350-க்கு அவர்கள் தகுதி பெற 2021 ஆகஸ்ட் ஆயிற்று. தெருவில் உணவு விற்கும் பெண்களில் எத்தனை பேர் அந்தத் தாய்மார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நிவாரணப் பொட்டலம் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்கொடையாளர்கள் கை முதலில் அங்கேதான் போகிறது. பெரிய மொத்த வியாபாரியிடம் மாவும் எண்ணெயும் சர்க்கரையும் வாங்கிப் பொட்டலம் கட்டி ஒரு தெருவில் இலவசமாகக் கொடுத்தால், அந்தத் தெருவின் மளிகைக் கடைக்கு அந்த வாரம் வியாபாரம் இல்லை. அதே தொகையைக் கூப்பனாகக் கொடுத்தால் பசியும் தீரும், கடையும் ஓடும். கேப் டவுனில் சமூகச் சமையற்கூடங்களுக்குக் கைபேசிக் கூப்பன் கொடுத்து, அதைப் பக்கத்து ஸ்பாஸா கடைகளில் மாற்றிக்கொள்ளச் செய்த முயற்சி அப்படிப்பட்டது. தொகை சிறியதுதான். பொட்டலம் கட்டும் செலவும் லாரி வாடகையும் அதில் மிச்சம். பொட்டலத்தோடு படம் எடுத்துக்கொள்ள விரும்புகிற அரசியல்வாதிக்கு மட்டும் நஷ்டம்.

கைபேசிப் பணத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். 2020 மார்ச் நடுவில் கென்யாவில் எம்-பெசா வழியாக 1,000 ஷில்லிங் வரை அனுப்பக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். ஆண்டு முடியும்வரை அது நீடித்தது. தெருக்கடையில் ஒருவர் வாங்குவது பெரும்பாலும் ஆயிரத்துக்கு மிகவும் கீழேதான், எனவே இந்தச் சலுகை நேராகத் தெருக்கடைக்காரர்களையே எட்டியது. நோட்டைத் தொடும் பயமும் குறைந்தது. 2021 ஜனவரியில் கட்டணம் திரும்பி வந்தபோது நெருக்கடி முடிந்திருக்கவில்லை.

இணைய விற்பனை? உகாண்டாவில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஜுமியா நிறுவனமும் சேர்ந்து நகசெரோ, நகாவா உள்ளிட்ட கம்பாலாச் சந்தைகளின் வியாபாரிகளை இணையத்தில் இணைத்தன. பயணிகளை ஏற்றத் தடை விதிக்கப்பட்ட போடா போடா மோட்டார் சைக்கிள்காரர்களுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலை கிடைத்தது. அது வரை நல்லது. ஆனால் ஸ்மார்ட்போனில் காய்கறி வாங்குபவர் நகரின் வசதியான பகுதிக்காரர். ஒரு கூறு தக்காளிக்குக் கூலி கொடுத்துக் கொண்டுவரச் சொல்லும் குடும்பம் சேரியில் இல்லை. கென்யாவில் தெருக்கடைகளுக்குச் சரக்கு சேர்க்கும் ட்விகா ஃபுட்ஸ், ஜுமியாவோடு கைகோத்து நேராக வீடுகளுக்கும் விற்றுப் பார்த்தது. பெரும் முதலீட்டோடு வளர்ந்த அந்த நிறுவனமே 2023-இல் பெரிய ஆட்குறைப்புச் செய்ய வேண்டியிருந்தது. காய்கறியை மலிவாக வீட்டு வாசலில் சேர்ப்பது அவ்வளவு கடினம்.

எல்லை வியாபாரம் பலர் கண்ணில் படுவதில்லை. ஊரடங்கில் லாரிக்கு எல்லை திறந்திருந்தது, மனிதருக்கு மூடியிருந்தது. பயறும் மீனும் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் பெண்ணுக்கு லாரி ஏது? ருவாண்டா-காங்கோ எல்லையில் பெண்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, பணத்தைத் திரட்டி, சரக்கை ஒரே லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். மறுபுறத்தில் வாங்குபவர் நம்பிக்கைக்கு உரியவராக இருந்தால் நன்றாக நடந்தது; இல்லாதபோது பணம் முடங்கியது.

மாவு மில், பழக்கூழ், பால் பதப்படுத்தும் நடுத்தர நிறுவனங்களுக்கு நான் சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களிடம் பதிவு உண்டு, கணக்கு உண்டு. எனவே கடனும் மானியமும் அவர்களை எட்டும். பள்ளியும் ஹோட்டலும் மூடியதுதான் அவர்களுக்கு விழுந்த அடி. நைஜீரியா பள்ளி உணவுத் திட்டத்தை நிறுத்தாமல் அபுஜா, லாகோஸ், ஓகுன் பகுதிகளில் வீட்டுக்கு எடுத்துப்போகும் பொருளாகக் கொடுத்தது. அரசே நிலையான வாடிக்கையாளராக நிற்பது அவர்களுக்கு எந்தக் கடனையும்விட மேல், பணத்தை முப்பது நாளில் கொடுத்தால்.

எதில் பணம் போடலாம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொற்று வரும்வரை காத்திராமல் சந்தைகளுக்குத் தண்ணீர், கழிப்பறை, நிழல், இடைவெளி விட்ட மேடைகள், இவற்றுக்கு முதலிடம். அடுத்தது வியாபாரிகளின் பதிவேடு, அதுவும் வரிக்காக என்று இல்லாமல் சங்கங்களின் வழியாக, கைபேசி எண்ணோடு. டோகோ பத்தே நாளில் திட்டத்தை ஓட்ட முடிந்தது அப்படி ஒரு பதிவேடு கையில் இருந்ததால்தான். தொற்று வந்துவிட்டால் முதல் வாரத்திலேயே திருப்பித் தர வேண்டாத சிறு தொகை, இரண்டு மூன்று நாள் கொள்முதலுக்கு ஈடாக. கடனுக்கு வாங்குவோரின் தேவை மீளும்வரை பொறுங்கள். தனி மனிதராக ஆயிரம் ரூபாய் கொடுக்க நினைப்பவரானால், பொட்டலம் கட்டும் அமைப்பைவிடக் கைபேசிக்கு நேராகப் பணம் அனுப்பும் அமைப்பைத் தேடுங்கள்.